ஒரு முடிச்சுத் தள்ளி

கூடாரமும் தார்ப்பாயும் தைக்கிற பட்டறையில் அவர் துணி வெட்டுபவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நைலான் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிரிந்துவிடும். சூடான கத்தியால் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. அந்தப் புகை வாசனை அவருடைய சட்டைகளை விட்டு ஒருநாளும் போனதில்லை. வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. அவரைவிட வேகமானவர்கள் இரண்டு பேர் அதே மேசையில் இருந்தார்கள். ஆனால் இரண்டு துண்டுகள் அச்சாக ஒன்றுபோல் வேண்டும் என்றால் துணி அவரிடம்தான் வரும். ஒன்றைப்போல் இன்னொன்றை ஆக்குவது அவருக்குக் கைவந்த வேலை. அவர் செய்த பெரிய தவறும் அந்த வேலைக்குள்ளேதான் இருந்தது.

பட்டம் அவரிடம் வந்தது தற்செயலாக. யாரோ ஒருவர் கிழிந்த பட்டம் ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நூலில் பறக்கும் முக்கோணப் பட்டம். தைத்ததைச் சோதிக்காமல் கொடுப்பது அவர் வழக்கமில்லை. பறக்கவிட இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் அக்காவைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கிய வெற்று நிலத்துக்குப் போனார். அங்கே கட்டடம் எதுவும் வரவில்லை. காற்று மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

ஒற்றை நூல் பட்டம் காற்றின் பேச்சைக் கேட்கும். இரண்டு நூல் பட்டம் நம் பேச்சைக் கேட்கும். வலது கையை இழுத்தால் வலது பக்கம், இடது கையை இழுத்தால் இடது பக்கம். ஆனால் அதற்கு நிற்கத் தெரியாது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது பட்டம். நின்றால் வெறும் துணி. இதை அன்றைக்கே கவனித்தவர் அக்காதான்.

"நிக்க மாட்டேங்குதேடா. உன்ன மாதிரியே இருக்கு, பேச ஆரம்பிச்சா பிரேக் கிடையாது."

நிற்கிற பட்டம் ஒன்று இருக்கிறது என்று பிறகு அவருக்குத் தெரியவந்தது. அதற்கு நான்கு நூல். கைக்கு ஒரு கைப்பிடி. கைப்பிடியின் மேல் முனையில் ஒரு நூல், கீழ் முனையில் ஒரு நூல். மேல் நூல்கள் பட்டத்தை ஓட்டும். கீழ் நூல்கள் பிடித்து நிறுத்தும். அவற்றுக்குப் பிரேக் நூல் என்று பெயர். மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் பாய்ந்துகொண்டிருக்கும் பட்டம் ஆணி அடித்ததுபோல் அந்தரத்தில் நிற்கும். இன்னும் சாய்த்தால் பின்னால் நடக்கும். ஒரு கையை மட்டும் சாய்த்தால் நின்ற இடத்திலேயே சக்கரமாகச் சுழலும்.

ஒரு பத்திரிகைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்ய முயன்றார். கூடாரத் துணியில் மிஞ்சிய துண்டுகள், உடைந்த தூண்டில் கம்புகள். முதல் ஆறும் விழுந்தன. ஆறாவது விழுந்தபோது அக்காவின் கணவர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், வண்டியில் சாய்ந்தபடி சொன்னார்:

"மாப்ள, இத இப்படியே நாலு குச்சி நட்டுக் கட்டிடு. நல்ல நிழலாவது கிடைக்கும்."

"நீங்க சிரிங்க அத்தான். ஏழாவது நிக்கும்."

ஏழாவதும் நிற்கவில்லை. காற்று பலமாக அடிக்கும்போது துணி முழுக்க அதை வாங்கிக்கொண்டு கையைப் பிய்த்தது. முன் ஓரத்தில் ஒரு பட்டை அளவுக்குத் துணியை வெட்டி எடுத்துவிட்டுக் கொசுவலையை வைத்துத் தைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மிச்சக் காற்று வலை வழியாகப் போய்விடும். தூண்டில் கம்புக்குப் பதிலாகக் கார்பன் குழாய் வந்தது. இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சியை இடுப்பில் கிள்ளியதுபோல் இருந்த ஒன்பதாவது பட்டம் நின்றது. நிறுத்தியவர் அவரல்ல, அக்கா. செய்தவருக்கே அதன் சூட்சுமம் பிடிபட மூன்று வாரம் ஆனது. அக்காவுக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அக்கா பெரிய மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் செவிலி. டாக்டர் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுவார். கேட்பதற்குள் கருவி அந்தக் கையில் இருக்க வேண்டும். பதினான்கு ஆண்டுகள் அதையே செய்த கை அது.

"அவர் கேக்குறது என் காதுக்கு வரதுக்கு முன்னாடியே என் கை போயிடும்டா. சில சமயம் நான் எதுக்கு அங்க நிக்கிறேன், கைய மட்டும் அனுப்பிட்டு வீட்ல படுத்துக்கலாமேன்னு தோணும்."

இரண்டாவது பட்டம் ஒன்றை அச்சாக அதேபோல் தைத்தார். அக்காவும் தம்பியும் ஜோடியாகப் பறக்கவிடத் தொடங்கினார்கள். ஜோடிப் பறத்தலில் ஒருவர் கட்டளை சொல்வார்; இருவரும் செய்ய வேண்டும். ஏறு, இறங்கு, சுத்து, நில். கட்டளை சொல்வது தம்பியின் பொறுப்பாயிற்று. பட்டங்களைச் செய்தவர் அவர். அக்கா அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. வேலையையும் பிரித்துக்கொண்டார்கள். கைப்பிடிகளை மண்ணில் குத்திவைத்து நான்கு நூலும் ஒரே நீளமா என்று பார்ப்பது அக்கா. ஐம்பது தப்படி தள்ளி, மறுமுனையில் நூல்களைப் பட்டத்தில் கோப்பது தம்பி. ஒருவர் முனைக்கு இன்னொருவர் போவதில்லை. போக அவசியமும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு பக்கத்துக் கடற்கரை ஊரில் பட்டம் விடுகிறவர்கள் கூடும் போட்டி ஒன்று இருந்தது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தான் அவர்கள் பறக்கவிடுவதை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். மூவரும் அடுப்படி மேசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். 'நில்' என்ற குரல் கேட்கிறது. இடது பக்கப் பட்டம் அந்தச் சொல்லோடு நிற்கிறது. வலது பக்கப் பட்டம் கைநீளம் தள்ளிப் போய் நிற்கிறது. மறுபடியும் 'நில்'. மறுபடியும் அதே கைநீளம். வலது பக்கம் தம்பியுடையது.

அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். "கூப்பிடுறவனே கடைசியா வரானே! பந்திக்கு வாங்கன்னு சொல்லிட்டு நீ கை கழுவப் போயிட்டியாடா?"

அத்தானும் சிரித்தார். தம்பியும் சிரித்தார்.

ஜோடியில் மதிப்பெண் ஒற்றுமைக்குத்தான். இரண்டும் சேர்ந்து தாமதித்தால் யாருக்கும் தெரியாது; ஒன்று மட்டும் தாமதித்தால் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரத்தில் தன் கையை அக்காவின் கை அளவுக்குக் கொண்டுவர முடியாது என்பதை அவர் உடனே அறிந்துகொண்டார். இந்த அறிவில் பிழையில்லை. பிழை அதற்கு அடுத்த படியில் இருந்தது. பட்டறையில் இரண்டு துண்டுகள் பொருந்தவில்லை என்றால் சிறியதைப் பெரிதாக்க வழியில்லை, பெரியதைத்தான் வெட்டுவார்கள்.

பட்டத்தில் நூல் கோக்கும் இடத்தில் விரலளவு நீளமுள்ள கயிற்று வால் ஒன்று தொங்கும். அதில் வரிசையாக நான்கைந்து முடிச்சுகள். காற்றைப் பொறுத்து நூலை எந்த முடிச்சில் வேண்டுமானாலும் மாட்டலாம். பிரேக் நூலை ஒரு முடிச்சு வெளியே தள்ளி மாட்டினால் அந்த நூல் ஒரு விரற்கடை நீண்டுவிடும். மணிக்கட்டைச் சாய்க்கும்போது முதலில் அந்தத் தொய்வு இழுபட்டு, அதன் பிறகுதான் பட்டத்துக்குச் செய்தி போகும். ஒரு கைநீளம் தாமதமாகும்.

மறுநாள் அக்காவின் பட்டத்தில் இரண்டு பிரேக் நூல்களையும் அவர் ஒரு முடிச்சுத் தள்ளி மாட்டினார். சொல்லிவிட்டே செய்திருக்கலாம். அக்கா மறுத்திருக்க மாட்டார். இரண்டு நாள் கேலி செய்திருப்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் கேலியைத் தவிர்க்கத்தான் அவர் சொல்லவில்லை. போட்டி முடிந்ததும் பழையபடி மாட்டிவிடலாம் என்று நினைத்தார்.

"இன்னைக்கு என்னடா, கழுத மாதிரி இருக்கு?" என்றார் அக்கா, கைப்பிடிகளை இழுத்துப் பார்த்தபடி.

"காத்து கனமா இருக்குக்கா."

"காத்துலயும் கனம் இருக்கா? சரிதான்."

போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். நடுவர் ஒருவர், இரண்டு பட்டத்தையும் ஒரே ஆள் பிடித்ததுபோல் இருந்தது என்றார். அந்தப் பாராட்டை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். முடிச்சை மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு மாற்றலாம் என்றிருந்தார். அடுத்த ஞாயிறு இருவருக்கும் நன்றாக வந்தது. நன்றாக வருவதை ஏன் கலைக்க வேண்டும் என்று தோன்றியது.

பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. அவருடைய கை தேறியது. தினமும் விடியற்காலையில் தனியாகப் போய்ப் பழகியதில் அந்தக் கைநீளம் குறைந்து, சாணாகி, இல்லாமலே போயிற்று. இப்போது 'நில்' என்றால் அவர் பட்டம் சொல்லோடு நின்றது. அக்காவின் பட்டம் ஒரு கைநீளம் தள்ளி நின்றது.

முடிச்சை மாற்ற அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆனால் மாற்றினால் மறுபடியும் அக்காவே முந்துவாரோ என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார், வெட்கம் வந்திருந்தால் மாற்றியிருப்பார். அவர் சொன்னது வேறு.

"லேட்டுக்கா."

"மறுபடியுமா?"

"ஒரு கை அளவு லேட்டு. கவனிச்சுக்கோ."

அக்கா கவனித்தார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் லேட்டு என்று சொன்னதில்லை. மதிய ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்கு வந்து பழகினார். எவ்வளவு பழகினாலும் அந்தக் கைநீளம் அப்படியே இருந்தது. பழகப் பழகக் குறையாத தவறு கையில் இருக்க முடியாது, கருவியில்தான் இருக்கும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அது அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கருவியைச் செய்தவன் தம்பி. ஒரு விரற்கடை பிசகாமல் வெட்டுகிறவன் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பக்கம் அவருடைய சந்தேகம் போகவே இல்லை.

ஒருநாள் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். "என் கை எப்பலேர்ந்துடா இப்படி ஆச்சு?"

"வேலைக் களைப்பா இருக்கும்."

அந்த வார்த்தையை மாஸ்டர் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். முடிச்சைத் தள்ளி மாட்டியது ஒரு தந்திரம். கை களைத்துவிட்டது என்றதுதான் பொய்.

எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மாலை மாஸ்டர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா காபியை வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"தியேட்டர்லேர்ந்து மாத்தச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"ஏன்?"

"போன வாரம் டாக்டர் கைய நீட்டினார். என் கை போறதுக்குள்ள அவர் கை ஒரு நொடி சும்மா இருந்துச்சு. யாரும் கவனிக்கல, அவர்கூட. நான் கவனிச்சேன். நீ சொல்ற அதே லேட்டு."

"ஒரு நொடிதானேக்கா."

"பட்டத்துல ஒரு நொடின்னா பட்டம் தள்ளி நிக்கும். அங்க அப்படியா?"

எல்லோர் கையும் எப்போதாவது ஒரு நொடி தாமதிக்கும். பதினான்கு ஆண்டுகளில் அக்காவின் கையும் எத்தனையோ முறை தாமதித்திருக்கும். அவர் அதைத் தேடாததால் கண்ணில் பட்டிருக்காது. இப்போது தேடினார், கிடைத்தது. அத்தான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நானும் சொல்லிப் பாத்துட்டேன் மாப்ள. நீயாவது சொல்லு. நீ சொன்னா கேப்பா" என்றார்.

"எழுதிக் கொடுத்துட்டியா?" என்று கேட்டார் தம்பி.

"நாளைக்குக் கொடுக்கணும்."

சொல்வதற்கு அவருக்கு ஒரு நாள் இருந்தது. அவர் காபியைக் குடித்து முடித்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவின் பட்டத்தைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு பிரேக் நூல்களையும் சரியான முடிச்சுக்கு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவார். கைப்பிடியைப் பிடித்ததும் பட்டம் சொல்லோடு நிற்கும். தன் கை சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே தெரியும். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிராது. பொய்யைத் திருப்பி வாங்காமலே அதன் விளைவை மட்டும் திருப்பி வாங்கிவிடலாம் என்று அவர் நம்பினார். இப்படி நம்பாதவர்கள் குறைவு.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்தபோது, "வேணாம்டா. உன்னையும் கெடுத்துக்கிட்டு இருக்கேன். வேற ஜோடி பாத்துக்கோ" என்றார். கோபமில்லாத குரல். அவருக்கு வேறு ஜோடி கிடைக்கவில்லை. அவர் தேடவும் இல்லை.

அக்காவைக் கருவிகள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, ஆவியில் வேகவைத்து, பச்சைத் துணியில் கட்டி, தேதி எழுதி அடுக்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். வேலையில் குறை சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. இன்னொருவர் டாக்டரின் கையில் கொடுக்கப்போகும் கருவிகளை அவர் கட்டிக் கொடுத்தார்.

இத்தனை ஆண்டுகளில் மாஸ்டர் அக்காவைப் பார்க்காமல் இருந்ததில்லை. வாரம் ஒருமுறையாவது அந்த அடுப்படி மேசையில் உட்காருவார். சொல்ல நினைத்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லவைத்தது அக்காவின் மகள். அந்தப் பெண்ணுக்குப் பல் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. மாஸ்டர் போயிருந்தபோது தாயும் மகளும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"மருந்துக் கடைப் படிப்பு எடுத்துக்கோன்னுதானே சொல்றேன். அதுல என்ன குறைச்சல்?"

"எனக்குப் பல்லுதாம்மா பிடிக்கும்."

"பிடிச்சா போதுமா? கை வேணும். நம்ம குடும்பத்துக்குக் கை நிலைக்காதுடி. எனக்கு நாப்பது வயசுல போச்சு. உன் மாமாவக் கேளு, அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சான்."

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "நிஜமா மாமா?"

அவர் அப்போதுதான் சொன்னார். நின்றுகொண்டே, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, எல்லாவற்றையும். வீடியோ பார்த்த நாள், மாட்டிய முடிச்சு, களைப்பு என்று சொன்னது, காபி குடித்த மாலை. அக்கா கையில் இருந்த சீருடையை மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசி மடிப்பை மடித்துத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"நான் எழுதிக் கொடுக்கப் போறேன்னு சொன்னேனே, அன்னைக்கு முடிச்சு எங்க இருந்துச்சு?"

"தள்ளித்தான் இருந்துச்சுக்கா."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு மாசம் உன்கிட்டப் பேசியிருக்க மாட்டேன். அவ்வளவுதானேடா?"

அக்கா மகளிடம், "போய் அந்தப் படிப்புலயே சேந்துக்கோ" என்றார். பிறகு தம்பியைப் பார்க்காமல், "அந்தப் பட்டம் இருக்கா?"

"இருக்கு."

"ஞாயித்துக்கிழம எடுத்துட்டு வா."

மைதானத்தில் பாதியை இப்போது சரக்குப் பெட்டிகள் அடைத்திருந்தன. மீதிப் பாதியில் காற்று நன்றாகவே இருந்தது. அவர் மறுமுனையில் நூல்களைக் கோத்துவிட்டு வந்தார். அக்கா கைப்பிடிகளைப் பிடித்தார். பட்டம் எழுந்தது.

"சொல்லு" என்றார் அக்கா.

"ஏறு. இறங்கு. நில்."

பட்டம் அந்தச் சொல்லைத் தாண்டி ஒரு கைநீளம் போய் நின்றது.

"மறுபடியும் சொல்லு."

"நில்."

அதே கைநீளம். மூன்றாவது முறை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அக்கா பட்டத்தை மெதுவாக மண்ணில் இறக்கினார்.

"இப்ப எந்த முடிச்சுல இருக்கு?"

"சரியான முடிச்சுலதான்க்கா."

"போய்ப் பாத்துட்டு வா."

அவர் நூலோடு நூலாக நடந்தார். ஐம்பது தப்படி. முடிச்சு தவறாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மண்டியிட்டுப் பார்த்தார். இடது பக்கம் சரியாக இருந்தது. வலது பக்கமும் சரியாக இருந்தது. ஐம்பது தப்படி திரும்ப நடக்கும்போது, பார்த்ததைவிட வேறாக ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்தார். முடியாது என்று தெரிந்தது. அந்த வழியில் அவர் ஏற்கனவே ஒருமுறை போய் வந்தவர்.

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப இது என் கைதான்" என்றார் அக்கா.

"பன்னெண்டு வருஷம் தொடாம இருந்தா யாருக்கும் இப்படித்தான்க்கா. ஒரு மாசம் பழகினா..."

"தெரியும்டா" என்று அக்கா இடைமறித்தார். "எனக்கு ஐம்பத்தி மூணு. அந்த லேட்டு பொய்யாயிருந்தப்ப இந்தக் கை எப்படி இருந்துச்சுன்னு ஒரே ஒருதடவ பாக்கணும்னு வந்தேன். அது இனிமே தெரியாது, இல்ல?"

அவர் தெரியாது என்று தலையசைத்தார். அக்கா கைப்பிடிகளை அவரிடம் கொடுத்துவிட்டு, சரக்குப் பெட்டிகளின் ஓரமாக அத்தான் வண்டியோடு நின்ற இடத்தை நோக்கி நடந்தார். நான்கு நூல்களையும் சுற்ற அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.